பச்சிளம் பிள்ளைக்குச் சுன்னத்து: எப்பொழுது, யார் கையால்?



ஒரு வீட்டில் ஆண் பிள்ளை பிறந்துவிட்டால், அகீகாவுக்கு ஆடு விசாரிப்பதற்கு முன்னரே இன்னொரு பேச்சு எழும்பிவிடுகிறது. "சுன்னத்தை இப்பொழுதே முடித்துவிடலாமா, அல்லது ஏழு வயது ஆகட்டுமா?" என்பதே அப்பேச்சு. நம் வாப்பாமார் காலத்தில் இக்கேள்விக்கு இடமில்லாதிருந்தது. ஏழோ எட்டோ வயது வந்ததும் ஒஸ்தாவுக்குச் சொல்லி அனுப்புவார்கள், காரியம் நடந்துவிடும். இப்பொழுதோ தனியார் கிளினிக்குகளில் பிறந்த சில நாட்களிலேயே செய்து கொடுக்கிறார்கள். தாய் ஒன்று சொல்கிறாள், பாட்டி ஒன்று சொல்கிறாள், டாக்டர் வேறொன்று சொல்கிறார். தகப்பன் நடுவில் நின்று விழிக்கிறான்.

நெகிரி செம்பிலானில் இவ்விஷயத்துக்குத் தனியான ஒரு கஷ்டமும் உண்டு. நம்மவர்களில் அநேகர் லாபு, லிங்கி, ரந்தாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களை நம்பிக் கடை போட்டவர்கள், அல்லது அப்படிப் போட்டவர்களின் மக்கள். தோட்டத்து ஜனங்கள் பெரும்பாலும் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. பால் வெட்டிய தமிழன் இருந்த லயத்தில் இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் இருக்கிறார்கள். ஆயினும் கடை இருக்கிறது, கடைக்குப் பின்னால் குடும்பமும் இருக்கிறது. அக்குடும்பத்துப் பிள்ளைக்கு இராத்திரி இரண்டு மணிக்கு இரத்தம் கசிந்தால் என்ன செய்வது என்பதைப் பட்டணத்தில் இருப்பவர் யோசிக்க வேண்டியதில்லை. நாம் யோசிக்க வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

நான் ஆலிமும் அல்லன், வைத்தியனும் அல்லன். மதரஸாவில் ஓதியதையும், வைத்தியர்களிடமும் பெரியவர்களிடமும் கேட்டு அறிந்ததையும், வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

மார்க்கம் சொல்வது

குர்ஆனில் சுன்னத்தைப் பற்றி நேரடியாக ஒரு வசனமும் இல்லை. இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வழியைப் பின்பற்றும்படி கட்டளை இருக்கிறது. அவர்கள் 80 வயதில் தாமே சுன்னத்துச் செய்துகொண்டார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸில் வந்துள்ளது. மீசை குறைத்தல், நகம் வெட்டுதல் முதலிய ஐந்து இயற்கைச் சுத்தங்களில் ஒன்றாகச் சுன்னத்தையும் நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருப்பதை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காணலாம்.

ஷாஃபிஈ மத்ஹபில் ஆண்களுக்கு இது வாஜிபு, ஹம்பலியிலும் அவ்வாறே. ஹனஃபியிலும் மாலிக்கியிலும் வலியுறுத்தப்பட்ட சுன்னத்து. நமக்குள் காயல், கீழக்கரை, நாகூர்ப் பக்கத்தார் ஷாஃபிஈ, இராவுத்தர்மார் ஹனஃபி. ஆகையால் வாப்பா என்று அழைக்கும் வீட்டிலும் அத்தா என்று அழைக்கும் வீட்டிலும் தீர்ப்பின் பெயர் வேறாக இருக்கலாம். செய்யாமல் விடுவதில்லை என்பதில் இரு வீட்டாரும் ஒன்றே.

வயதுதான் நமது பாடம். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜிலும் அதன் விரிவுரைகளிலும் உள்ளபடி, கடமை வந்து சேர்வது பிள்ளை பாலிகான பிறகே. அதற்கு முன் ஏழாம் நாளில் செய்வது விரும்பத்தக்கது. ஏழாம் நாளில் இயலாவிட்டால் நாற்பதாம் நாள், அதுவும் தவறினால் ஏழாம் வயது. பிள்ளை பலவீனமாக இருந்தால் தாங்கும் வரை பிற்படுத்த வேண்டும். ஹனஃபி இமாம்கள் இன்ன வயதென்று வரையறுக்கவில்லை. மாலிக்கிகளோ ஏழாம் நாளில் செய்வதை வெறுத்து, பிள்ளை தொழுகைக்கு ஏவப்படும் வயதை நல்லதென்றார்கள். நபி (ஸல்) அவர்கள் தமது பேரர்களான ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்கும் ஏழாம் நாளில் செய்வித்ததாக ஒரு அறிவிப்பு உண்டு. அதன் தொடரைப் பற்றி அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். இதற்கு மறுபுறம், அக்காலத்தில் பிள்ளை பருவத்தை நெருங்கும் வரை சுன்னத்துச் செய்யமாட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக புகாரியில் இருக்கிறது. ஆகவே ஏழாம் நாளில் செய்த தகப்பனும் ஏழாம் வயதில் செய்த தகப்பனும் ஒருவரை ஒருவர் குறை சொல்ல வழியில்லை.

அதே மின்ஹாஜில் உள்ள இன்னொரு சட்டத்தை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. தாங்கமுடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கு ஒருவர் சுன்னத்துச் செய்து, அதனால் பிள்ளை இறந்தால், செய்தவர் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிறார். தகப்பனுக்குப் பழிக்குப் பழி இல்லை என்றாலும் அவர் தலையிலும் பொறுப்பு நிற்கிறது. தாங்கக்கூடிய பிள்ளைக்கு முறைப்படி செய்து, மீறி ஏதேனும் நடந்தால் குற்றமில்லை. எண்ணூறு வருஷங்களுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு இமாம், "முதலில் பிள்ளையைப் பார்" என்ற கருத்தைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். வியாபாரிகள் ரசிக்கக்கூடிய ஒரு வார்த்தையும் அங்கே உண்டு: சுன்னத்தின் கூலி, பிள்ளைக்குச் சொந்தச் சொத்து இருந்தால் அதிலிருந்தே கொடுக்கப்படும், இல்லையேல் அவனுக்குச் செலவு செய்யக் கடமைப்பட்டவர் கொடுக்க வேண்டும். விருந்துச் செலவைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை!

"மார்க்கக் கலியாணம்" என்ற பெயர்

நம் ஊர்ப்பக்கத்தில் இதனைச் சுன்னத்துக் கலியாணம் என்றும் மார்க்கக் கலியாணம் என்றும் சொல்வது வழக்கம். பிள்ளைக்குப் புதுச் சட்டை, தொப்பி, கழுத்தில் பூமாலை. குதிரையிலோ காரிலோ ஏற்றி ஊர்வலம். பின்பு ஒஸ்தாவின் முன்னால் உட்கார வைத்துக் கண்ணைப் பொத்துவார்கள். சவரக் கத்தியே கருவி. சாம்பலும் பழந்துணியுமே மருந்து. புண்ணில் துணி படாதிருக்க மேலே விட்டத்திலிருந்து கயிறு கட்டி வேட்டியைத் தூக்கி விட்டிருப்பார்கள். மலாய்க்காரர்களிடம் அதிகாலையில் பிள்ளைகளை ஆற்று நீரில் ஊற வைத்து, வாழைத் தண்டின் மேல் உட்கார வைத்து, தோக் முடிம் என்பவர் செய்துவந்தார். பள்ளி விடுமுறையில் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்தும் வழக்கம் இன்றும் நிற்கிறது. முடிமுக்குப் பதிலாக மருத்துவ உதவியாளர்களும் டாக்டர்களும் வந்துவிட்டார்கள்.

பெயரால் ஒரு மயக்கம் உண்டாகியிருக்கிறது. மார்க்கக் கலியாணம் என்றதால், அன்றுதான் பிள்ளை மார்க்கத்தில் சேர்கிறான் என்று சிலர் எண்ணுகிறார்கள். மலாய்க்காரரிலும் சில பகுதிகளில் "மாசோக் ஜாவி" என்றொரு சொல் இதற்கு வழங்குகிறது. முஸ்லிமான பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை பிறந்த அன்றே முஸ்லிம். அவன் காதில் பாங்கு சொல்வதற்கோ, பெயர் வைப்பதற்கோ, அகீகா கொடுப்பதற்கோ சுன்னத்து நிபந்தனை அல்ல. ஏழாம் நாளில் அகீகாவை முடித்து, சுன்னத்தை டாக்டர் சொல்லும் நாளுக்கு விட்டுவைத்தால் ஒரு குறைவும் இல்லை. இம்மயக்கத்தினால்தான், மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் விளக்கின் கீழ்ப் படுத்திருக்கும் சிசுவைக்கூட "ஏழாம் நாள் தவறிவிடுமே" என்று பாட்டனார் அவசரப்படுத்துகிறார்.

பிள்ளையின் உடம்பு

பிறந்த ஆண் குழந்தையின் முன்தோல் உள்ளே மொட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இது நோயல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ளதே. வருஷங்கள் செல்லச் செல்லத் தானாக விடுபடும். ஆகையால் குளிப்பாட்டும்போது தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்கிறேன் என்று எவரும் பலாத்காரம் பண்ணக்கூடாது. கிழிந்து, ஆறும்போது இறுகிப் போகும். சிசுவுக்குச் செய்கிறவர் அந்த ஒட்டை முதலில் பிரித்தாக வேண்டும். இந்த வேலையில்தான் கைப்பழக்கம் தெரியும்.

மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடம்பில் ஓடும் இரத்தம் மொத்தமே ஏறக்குறைய 250 மில்லி. நம் கடையில் தேநீர் ஊற்றுகிற ஒரு கிளாஸ் அளவு. அதில் இரண்டு மேசைக்கரண்டி போனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று என்று அர்த்தம். பெரிய மனிதனுக்குச் சிராய்ப்பு என்று தோன்றுகிற கசிவு சிசுவுக்கு ஆபத்தாவது இதனாலேயே. இன்னொரு சங்கடம், நாம் விற்கிற பேம்பர்ஸ் துணி இரத்தத்தை உறிஞ்சி மறைத்துவிடும். அந்தக் காலத்து வெள்ளைத் துணியில் உடனே தெரிந்தது.

இரத்தம் உறையாத ஒரு வியாதி உண்டு. ஹீமோஃபிலியா என்பார்கள். ஏறக்குறைய 5,000 ஆண் பிள்ளைகளில் ஒருவனுக்கு இருக்கும். இது தாய் வழியாக மகனுக்கு வருவது. தாய்க்கு ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். ஆகவே விசாரிக்க வேண்டியது தாய்மாமன்மாரை. "உங்களுக்குப் பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் போயிற்றா? உங்கள் சகோதரர்களில் யாரேனும் சிறு வயதில் இரத்தப்போக்கால் மௌத்தானார்களா?" என்று கேட்க வேண்டும். நெகிரி செம்பிலான் மலாய்க்காரர் அடாட் பெர்பாத்தே முறைப்படி தாய் வழியில் வம்சம் எண்ணுகிறவர்கள். நம் தமிழ் வழக்கிலும் தாய்மாமனுக்குச் சபையில் முதலிடம். மாலையும் சீரும் கொண்டுவரும் தாய்மாமனிடம் இந்த ஒரு கேள்வியை முன்கூட்டிக் கேட்டால் அது எல்லாச் சீரையும்விட மேலான சீர். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு எவருக்கும் இவ்வியாதி இருந்திருக்காது. ஆகையால் "எங்கள் வம்சத்தில் இல்லை" என்பதை மட்டும் நம்பி இரத்தக் கசிவை அலட்சியம் செய்யக்கூடாது.

இது புதிய கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். குர்துபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) ஏறக்குறைய 1013-ல் காலமானவர். அத்தஸ்ரீஃப் என்னும் தமது பெரிய வைத்திய நூலில், சிறு காயத்திலும் ஆண்கள் இரத்தம் நில்லாமல் இறந்துபோகும் ஒரு ஊராரைக் குறித்து எழுதியிருக்கிறார். சுன்னத்துச் செய்யும் முறையையும் அதே நூலில் விவரித்து, நூலால் கட்டிக் கத்தரிக்கோலால் வெட்டுவதையே நல்லதென்றார். யூதர்களின் தல்மூதிலும், சுன்னத்தினால் இரு மகன்கள் இறந்திருந்தால் மூன்றாவது மகனுக்குச் செய்யக்கூடாது என்ற விதி இருக்கிறது. எட்டாம் நாளை உயிர்போல் பிடித்திருக்கும் அவர்களே பிள்ளையின் உயிருக்காக விட்டுக்கொடுத்தார்கள்.

பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்ததும் குழந்தையின் தொடையில் வைட்டமின் கே ஊசி போடுவார்கள். இது சிசுவின் இரத்தம் உறைவதற்குத் துணை. சில தாய்மார் யாரோ சொன்னதைக் கேட்டு இவ்வூசியை மறுக்கிறார்கள். அப்படி மறுத்த பிள்ளைக்குச் சில வாரங்களுக்குள் சுன்னத்துச் செய்வது நெருப்போடு விளையாடுவதாகும்.

இரண்டாவது, ஜி-ஆறு-பி-டி குறைவு. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இதனைப் பரிசோதிக்கிறார்கள். குழந்தையின் ஆரோக்கியப் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும். இக்குறை உள்ள பிள்ளைக்குச் சுன்னத்து விலக்கல்ல. ஆனால் மரத்துப் போகத் தடவும் சில களிம்புகளில் சேரும் பிரிலோகைன் என்ற மருந்து இவர்களுக்குக் கெடுதல் செய்யக்கூடும். செய்கிறவரிடம் புத்தகத்தைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். இடையில் ஒரு வார்த்தை: நாம் கடையில் விற்கும் பூச்சி உருண்டையும் இப்பிள்ளைகளுக்கு விஷம். அலமாரியில் உருண்டை போட்டு வைத்த துணியைச் சிசுவுக்கு உடுத்தக் கூடாது. கைக்குழந்தை உள்ள வாடிக்கைக்காரர் கேட்டால் இதனைச் சொல்லிவிட்டு விற்பது நமது கடமை.

மூன்றாவதாக ஒன்றைப் பெற்றோர் தாமே கண்டுபிடிக்கலாம். சில பிள்ளைகளுக்குச் சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருக்கும். முன்தோலும் பாதி இல்லாததுபோல் மேலே மட்டும் முக்காடு மாதிரி நிற்கும். ஏறக்குறைய 300 ஆண் பிள்ளைகளில் ஒருவனுக்கு இப்படி உண்டு. துருக்கியில் இதனை நபியின் சுன்னத்து என்று சொல்லி மகிழ்வார்கள். நம்மவரிலும் "பிறவிச் சுன்னத்து" என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மகிழ வேண்டிய விஷயமல்ல அது. துளையைச் சரிப்படுத்தும் ரண சிகிச்சைக்கு அந்த முன்தோலே தேவைப்படும். அதனை வெட்டி எறிந்துவிட்டால் பிறகு வைத்தியர் தோலுக்கு எங்கே போவார்? இத்தகைய பிள்ளைக்குச் சுன்னத்தை நிறுத்திவைத்து, பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை ரண சிகிச்சை வைத்தியரிடம் காட்ட வேண்டும். குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, காமாலையோ காய்ச்சலோ உள்ள பிள்ளை, கொழுப்புக்குள் உறுப்பு புதைந்து நிற்கும் பிள்ளை ஆகியோருக்கும் பொறுத்திருப்பதே முறை.

எப்பொழுது என்பதற்கு என் அபிப்பிராயம்

கணக்கைப் பார்ப்போம். பல தேசத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2010-ல் வெளியான ஒரு பரிசீலனையில், சிசுக்களுக்குச் செய்ததில் ஏதேனும் ஒரு தொந்தரவு ஏற்பட்டது நடுமட்டமாக நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கு. வளர்ந்த பிள்ளைகளுக்கு அது நூற்றுக்கு ஆறு. பெரும்பாலும் சிறு தொந்தரவுகளே. சிசுவின் புண் சீக்கிரம் ஆறுகிறது, தையலும் தேவைப்படுவதில்லை. முதல் வருஷத்தில் சிறுநீர்ப் பாதையில் வரும் காய்ச்சலும் குறைகிறது. ஆனால் அப்படி ஒரு காய்ச்சலைத் தடுக்க நூறு பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்ய வேண்டும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். மறுபுறம், சிறு வயதிலேயே மொட்டு வெளியாகி ஈரத் துணியில் உராய்வதனால் பின்னால் சிலருக்குச் சிறுநீர்த் துளை சுருங்கிப் போவதுண்டு. நீர் மெல்லிய நூலாக மேல்நோக்கிப் பாய்ந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சிசுவுக்கு வலி தெரியாது என்று முன்பு வைத்தியர்களே சொன்னார்கள். அது தவறென்று தெரிந்துவிட்டது. கானடாவில் 1997-ல் வெளியான ஆராய்ச்சியில், மரத்துப் போகும் மருந்தில்லாமல் சுன்னத்துச் செய்யப்பட்ட பிள்ளைகள் நான்கைந்து மாதம் கழித்துத் தடுப்பூசி போடும்போதும் மற்றவரைவிட அதிகமாக அழுததைக் கண்டார்கள். ஆகவே "சின்னப் பிள்ளைதானே, மருந்து வேண்டாம், ஒரு நிமிஷ வேலை" என்று சொல்கிறவரிடம் பிள்ளையைக் கொடுக்கக்கூடாது.

ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை உள்ள காலமே எனக்குச் சங்கடமான காலமாகத் தோன்றுகிறது. சிசுவைப்போல் அசையாமல் பிடிக்கவும் முடியாது. ஏழு வயதுப் பையனைப்போல் சொல்லிப் புரிய வைக்கவும் முடியாது. பெரும்பாலும் முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய நேரிடுகிறது. இங்கிலாந்தில் 1949-ல் கெய்ர்ட்னர் என்ற வைத்தியர் எழுதிய கட்டுரையில், அந்நாட்டில் வருஷந்தோறும் சுமார் 16 பிள்ளைகள் இதனால் இறந்ததாகவும், அநேகமாக மயக்க மருந்தே காரணமென்றும் காட்டினார். இன்றைய மயக்க மருந்து அக்காலத்தைவிட எவ்வளவோ பத்திரமானது. ஆயினும் அவசியமில்லாமல் கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டில் நடக்கிற வாதத்தையும் சொல்ல வேண்டும். சென்ற வருஷம் எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் மருமகள் "ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் முடிச்சிருவோம் மாமி, அவனுக்கு ஞாபகமே இருக்காது" என்றாள். மாமியார், "ஞாபகம் இல்லாமப் போறதுக்கா சுன்னத்து? உன் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு ஊர்கோலம் விட்டோம். இன்னைக்கும் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். இவனுக்கு மட்டும் திருட்டுத்தனமாவா?" என்று கேட்டார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பேரனை உட்கார வைத்துப் பார்க்கும் ஆசை பாட்டிக்கு இருப்பது பாவமல்ல. அந்தத் தகப்பன் பிறகு செய்தது என்னவென்றால், நாற்பதாம் நாளில் கிளினிக்கில் முடித்து, பிள்ளை ஐந்து வயதில் ஓத ஆரம்பிக்கும் நாளன்று மாலையும் விருந்தும் வைப்பதாகத் தாயாருக்கு வாக்குக் கொடுத்தார். தாயாரும் சரியென்றார், சற்று முணுமுணுத்துக்கொண்டே!

விருந்தைப் பற்றி வியாபாரியாகிய நான் பேசுவது எனக்கே நஷ்டம். அரிசி, நெய், மசாலா எல்லாம் நம் கடையில்தான் எடுக்கிறார்கள். ஆனால் சுன்னத்து விருந்துக் கடன் இரண்டு வருஷமாகக் கணக்குப் புத்தகத்தில் நிற்பதையும் நாம்தான் பார்க்கிறோம். சில வீடுகளில் விருந்துக்குப் பணம் சேரவில்லை என்பதற்காகவே பையனுக்குப் பத்து, பதினொன்று வயது ஆகிவிடுகிறது. அவனோ பள்ளிக்கூடத்தில் மலாய்ப் பிள்ளைகளின் கேலிக்கு ஆளாகிறான். விருந்து வேறு, சுன்னத்து வேறு என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆகவே, பிள்ளை நிறைமாதமாகப் பிறந்து, எடை சரியாக இருந்து, காமாலை தீர்ந்து, பழகிய கை அருகில் இருக்குமானால் முதல் இரண்டு மாதத்துக்குள் முடிப்பதே நல்லதென்பது என் அபிப்பிராயம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஏழு வயது வரை பொறுக்கலாம். அப்படிப் பொறுப்பவர்கள் பையனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பொம்மைக் கடைக்குப் போகலாம் என்று ஏமாற்றிக் கிளினிக்குக்கு இழுத்துச் செல்லும் தகப்பனின் வார்த்தையை அந்தப் பையன் பிறகு எதில் நம்புவான்?

யார் கையால், எக்கருவியால்

சிசுக்களுக்கு அதிகம் உபயோகிப்பது பிளாஸ்டிபெல் என்னும் பிளாஸ்டிக் வளையம். வளையத்தின் மேல் நூல் கட்டித் தோலை வெட்டி விடுவார்கள். வளையம் ஏறக்குறைய ஐந்து முதல் பத்து நாட்களில் தானே விழும். அளவு பொருந்தாத வளையம் போட்டால் பின்னுக்கு நழுவி மொட்டை இறுக்கும். நமது மலேசியாவிலேயே ஒரு டாக்டர் வடிவமைத்த தாரா கிளாம்ப் என்ற கருவியும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் அதனை வாலிபர்களிடம் சோதித்து 2009-ல் வெளியான ஆராய்ச்சியில், சாதாரண வெட்டு முறையைவிட மிக அதிகமான தொந்தரவுகள் வந்ததாகக் கண்டார்கள். கருவியின் பெயரைக் கேட்டு மயங்காமல், "என் பிள்ளையின் வயதில் எத்தனை பேருக்கு இதனைக் கொண்டு செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதே சரியான கேள்வி. சரக்கு வாங்கும்போது பத்துக் கேள்வி கேட்கும் நாம் டாக்டரிடம் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

"லேசர் சுன்னத்து" என்று விளம்பரம் செய்கிறார்களே, அதில் பெரும்பாலும் லேசர் கிடையாது. மின்சாரத்தால் பழுக்கக் காய்ந்த கம்பியே அது. இரத்தம் அதிகம் கசியாது என்பது உண்மை. ஆனால் கை தவறினால் மொட்டே வெந்துபோகும். நமது நாட்டுப் பத்திரிகைகளிலும் அத்தகைய செய்திகள் வந்திருக்கின்றன. சிசுவுக்கு இம்முறையை நான் சம்மதிக்கமாட்டேன்.

மற்ற மதத்தவரும் சில சமயம் நம்மிடம் விசாரிக்கிறார்கள். "பாய், டாக்டர் எங்க பையனுக்கும் தோலை வெட்டச் சொல்றாரு, நாங்க என்ன செய்ய?" என்று ஒரு தோட்டத்து அம்மா கேட்டார். தோல் தழும்பாகி இறுகி, நீர் போகக் கஷ்டப்படும் பிள்ளைக்கு அது வைத்தியம். மதத்துக்கு அதில் வேலையில்லை என்று சொல்லி அனுப்பினேன். பிலிப்பைன்ஸ் கிறிஸ்தவர்களும் பையன்களுக்குச் செய்கிறார்கள். அமெரிக்காவில் பிறக்கும் ஆண் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரியிலேயே செய்கிறார்கள். அந்நாட்டுக் குழந்தை வைத்தியர் சங்கம் 2012-ல், நன்மை ஆபத்தைவிட அதிகம், ஆனாலும் எல்லோருக்கும் செய்யுமளவு அல்ல, பெற்றோரே தீர்மானிக்கட்டும் என்று சொன்னது. அதே வருஷம் ஜெர்மனியில் கொலோன் நகர நீதிமன்றம், நான்கு வயது முஸ்லிம் பிள்ளைக்குச் செய்த சுன்னத்தைக் காயப்படுத்தும் குற்றமென்று தீர்ப்புச் சொல்லிப் பெரும் கலக்கம் உண்டாக்கிற்று. பிள்ளைக்கு இரண்டு நாள் கழித்து இரத்தம் கசிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதிலிருந்து அவ்வழக்குப் பிறந்தது. டாக்டர் விடுதலையானார், டிசம்பரில் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, வைத்திய முறைப்படி செய்யப் பெற்றோருக்கு உரிமை கொடுத்தது.

இனி, முதலில் விட்ட இடத்துக்கு வருகிறேன். செய்த அன்றும் மறுநாளும் இரத்தத்துக்குரிய நாட்கள். பகாவ் பக்கத்தில் இருப்பவர் சிரம்பானில் செய்துகொண்டு அன்றே திரும்பினால், இராத்திரியில் மீண்டும் கோலப்பிலா வந்து புக்கிட் புத்துஸ் மலைப் பாதையைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். அதற்கு முன்பே ஜெம்போல் ஆஸ்பத்திரியும் கோலப்பிலாவில் துவாங்கு அம்புவான் நஜிஹா ஆஸ்பத்திரியும் இருக்கின்றன என்பதை வீட்டார் நினைவில் வைக்க வேண்டும். கிளினிக் பூட்டிக் கிடக்கும் நாளுக்கு முந்திய மாலையில் செய்யக்கூடாது. காலையில் செய்து, மதியம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, பிள்ளை நீர் விட்ட பிறகு புறப்படுவது நல்லது.

வீட்டில் ஒவ்வொரு மணி நேரமும் துணியைத் திறந்து பார்க்க வேண்டும். பொட்டுப் பொட்டாகக் கறை இருப்பது சகஜம். சொட்டுச் சொட்டாக வந்தாலோ, துணி நனைந்தாலோ, சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். மூன்றாம் நாள் மொட்டின் மேல் மஞ்சளாய் ஒரு படை தெரியும். அது சீழ் அல்ல, தேய்த்து எடுக்கக் கூடாது. சிவப்பு அடிவயிறு வரை பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஆறு முதல் எட்டு மணி நேரம் நீர் விடாவிட்டாலோ, வளையம் பத்து நாளுக்கு மேலும் விழாமல் நின்றாலோ உடனே காட்ட வேண்டும். சாம்பல், காப்பித் தூள், மஞ்சள் ஒன்றும் போடக்கூடாது. டாக்டர் சொன்னால் வாசலின் தடவலாம். செய்வதற்கு முந்திய நாளே, இராத்திரியில் கார் எடுத்து வரச் சம்மதித்த ஒருவரின் டெலிபோன் நம்பரைத் தாய் படுக்கும் அறையில் எழுதி ஒட்டிவிட வேண்டும்.